வெடிச்சதுக்கு ஏன் ரீச்சர் கைதட்டுகினம்?

மல்லாவி ரீச்சர் | ஞாயிறு இரவு 8.10

தரம் 10 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன கிழமை நியூட்டனின் மூன்றாம் விதி. பலூன் படம் கீறிக் கீறி எனக்கே அலுத்துப்போய், கைப்பேசியில் இறக்கி வைத்திருந்த ஸ்டார்ஷிப் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். இலான் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் டெக்ஸாஸ் கடற்கரையில் சோதிக்கும் பெரிய ரொக்கெட் அது. 2023 ஏப்ரல் 20 நடந்த முதலாவது முழுப் பறப்பு. ஏறக்குறைய 120 மீற்றர் உயரம், அடியில் 33 இயந்திரங்கள். நாலு நிமிடம் போல மேலே போய், தலைகீழாகச் சுழன்று, வெடித்துச் சிதறியது. வெடித்த கையோடு அந்த நிறுவனத்து ஆட்கள் எழும்பி நின்று கைதட்டுகிறார்கள், கூவுகிறார்கள்.

வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. பின் வாங்கில் இருந்த பிள்ளை ஒன்றுதான் கேட்டாள்: "வெடிச்சதுக்கு ஏன் ரீச்சர் கைதட்டுகினம்?"

உள்ளே ஆள் இல்லை, அது சோதனை, வெடித்தாலும் தரவு கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அடுத்த நாள் காலை அவளுடைய அம்மா பள்ளிக்கூடப் படலையடியில் நின்றார். சண்டைக்கு வரவில்லை. "பிள்ளை வீட்டில அதைத் தேடி எடுத்து எனக்கும் காட்டினது ரீச்சர். சத்தம் கேட்ட உடனை எனக்குக் கை நடுங்கிப் போச்சு. உதில இனி ஆக்களை ஏத்தப் போகினமாம், உண்மையோ?" என்று கேட்டார். 2009இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில் இருந்து வந்த குடும்பம். இந்தத் தளத்தில் அதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

வெடிப்பதைப் பார்க்கும் சனத்துக்கு "இது பாதுகாப்புக்காகத்தான்" என்று எப்படிச் சொல்வது? இல்லாவிட்டால் அப்படிச் சொல்வதே பிழையா?


அறிவியல்நகர் பெடியன் | இரவு 8.41

ரீச்சர், நீங்கள் சொன்னது சரி. கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான் கிளிநொச்சியில் பொறியியல் மூன்றாம் வருடம்.

ரொக்கெட் செய்வதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வருடக்கணக்காகக் கணக்குப் போட்டு, ஒவ்வொரு துண்டையும் நிலத்தில் வைத்துச் சோதித்து, எல்லாம் சரி என்ற பிறகு பறக்கவிடுவது. மற்றது, மலிவாக ஒன்றைச் செய்து பறக்கவிட்டு, எங்கே உடைகிறது என்று பார்த்து அடுத்ததைத் திருத்துவது. ஸ்டார்ஷிப் இரண்டாவது வழி.

2020 டிசம்பர் 9 எஸ்என்8 என்ற முன்மாதிரி 12.5 கிலோமீற்றர் மேலே போய்த் திரும்பியது. இறங்கும்போது எரிபொருள் தாங்கியில் அழுத்தம் குறைந்து, வேகம் குறையாமல் நிலத்தில் மோதியது. 2021 பெப்ரவரி 2 எஸ்என்9, ஒரு இயந்திரம் திரும்பப் பற்றவில்லை. மார்ச் 3 எஸ்என்10 அழகாக இறங்கி நின்றது, நாங்கள் விடுதியில் கத்திக் குளறி முடிக்கும் முன்னம், எட்டு நிமிடம் போனதும் வெடித்தது. மார்ச் கடைசியில் எஸ்என்11 பனிப்புகாருக்குள் வெடித்தது. மே 5 எஸ்என்15 முழுசாக இறங்கியது. ஐந்து மாதத்துக்குள் இவ்வளவும்.

ஏப்ரல் 20 கைதட்டியது வெடித்ததற்கு அல்ல, ஏவுதளத்தை விட்டுக் கிளம்பியதற்கு. தளத்திலேயே வெடித்தால்தான் தோல்வி என்று முதலே சொல்லியிருந்தார்கள். ஒரே பிழையில் இரண்டு தரம் வெடித்தால்தான் நான் பயப்படுவேன்.


முறிகண்டிக் கச்சான் | இரவு 8.50

ஏ9இல் போகிற பஸ்காரர் முறிகண்டியில் நிப்பாட்டிக் கற்பூரம் கொளுத்தாமல் போகிறதில்லை. அவைக்கும் அந்த றோட்டில ஒரு பிள்ளையார் வேணும்.


நந்திக்கடல் | இரவு 9.15

தம்பி பெடியன், உள்ளே ஆள் இல்லை என்று நாலு பேர் சொல்லக் கேட்டுவிட்டேன். வெளியே ஆள் இருக்குதே.

அந்த ஏப்ரல் 20 என்ன நடந்தது? ஏவுதளத்துக்குக் கீழே நெருப்பைத் திருப்பிவிட அகழி இல்லை. 33 இயந்திரமும் சேர்ந்து கொங்கிறீற்றைக் கிளறி எறிந்தன. பக்கத்துப் பூங்காக் காணியில் மூன்றரை ஏக்கர் எரிந்தது. கிட்டத்தட்ட 10 கிலோமீற்றருக்கு அங்கால் போர்ட் இசபெல் ஊரில் வீட்டுக் கண்ணாடியிலும் கார்களிலும் தூசி படிந்தது. தன்னைத்தானே அழிக்கும் கட்டளை கொடுத்த பிறகும் அது சிதற 40 விநாடி போல எடுத்தது. நாற்பது விநாடி என்றால் என்னவென்று எங்கட ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

2025 ஜனவரி 16, ஏழாவது பறப்பு. துண்டுகள் கரீபியனில் பிரித்தானியாவின் ஆட்சியில் உள்ள டர்க்ஸ் கெய்கோஸ் தீவுகளுக்கு மேலால் நெருப்பு மழை மாதிரிப் போயின. விமானங்கள் சுற்றிச் சுற்றி நின்றன, சில திரும்பிப் போயின. சனம் கடற்கரையில் ரொக்கெட்டின் வெப்பக் கவச ஓடு பொறுக்கியது, ஒரு வாகனம் சேதம் என்றும் முறைப்பாடு வந்தது. மார்ச் 6 எட்டாவது பறப்பு. அதே பக்கத்து வானம், ஏறக்குறைய அதே நேரத்தில் அதே கதை.

ஒரே பிழை இரண்டு தரம் வந்தால் பயப்படுவேன் என்றாய். பயந்தாயா?


அறிவியல்நகர் பெடியன் | இரவு 9.32

பிடித்துவிட்டீர்கள் அண்ணை. காரணம் வேறு வேறு என்றுதான் அறிக்கை. ஏழாவதில் எதிர்பார்த்ததை விடக் கூடிய அதிர்வினால் கசிவு வந்து தீப்பிடித்தது, எட்டாவதில் ஒரு இயந்திரத்திலேயே கோளாறு. ஆனால் கீழே நின்று பார்க்கிற ஆளுக்கு இரண்டும் ஒன்றுதான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு கணக்கு மட்டும் சொல்லவிடுங்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அனுமதி கொடுக்கும்போது ஒரு எல்லை வைத்திருக்கிறது. பொதுமக்கள் எல்லோரையும் சேர்த்து, ஒரு ஏவுதலில் எதிர்பார்க்கும் உயிர்ச்சேதமும் கடும் காயமும் பத்தாயிரத்தில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. தனி ஒரு ஆளுக்குப் பத்து இலட்சத்தில் ஒன்று. பரந்தன் சந்தியில் றோட்டைக் கடக்கிறது அதைவிட ஆபத்து.


நந்திக்கடல் | இரவு 9.36

பரந்தன் சந்தியில் றோட்டைக் கடக்கிறது நான். என்ர அலுவலுக்குக் கடக்கிறேன்.

டர்க்ஸ் தீவில் இருக்கிறவனுக்கு அந்த ரொக்கெட்டால் என்ன அலுவல்? பத்தாயிரத்தில் ஒன்று என்று எண்ணினது ஏவுகிறவனா, கீழே நிக்கிறவனா?


அறிவியல்நகர் பெடியன் | இரவு 9.48

முதல் பறப்புக்குப் பிறகு விசாரணையை நடத்தியது நிறுவனமே, மேற்பார்வைதான் அரசாங்கம். 63 திருத்தம் செய்யச் சொல்லி முடிந்தது. தளத்துக்குக் கீழே தண்ணீர் பீச்சும் இரும்புத் தட்டு வந்தது அதற்குப் பிறகுதான். கேள்வி நியாயம். பதில் யோசிக்கிறேன்.


மாங்குளம் மெக்கானிக் | இரவு 10.05

நான் வெல்டிங் கடை வைத்திருப்பவன், ஒட்சிசன் சிலின்டரோடு இருபது வருடம். 2025 ஜூன் 18 இரவு ஷிப் 36 என்ற ஸ்டார்ஷிப் மேல்கட்டம் வெடித்ததைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எங்களுக்கு அது 19ஆம் திகதி காலை ஒன்பதரை. அது பறக்கவும் இல்லை. இயந்திரம் கொளுத்திப் பார்க்கிற சோதனைக்காகத் தாங்கியை நிரப்பிக்கொண்டு நின்றது. மேலே வைத்திருந்த நைதரசன் கலன் ஒன்று, தாங்கும் என்று சோதித்து வைத்த அழுத்தத்துக்கும் குறைவான அழுத்தத்திலேயே வெடித்தது. மிச்சமெல்லாம் அதன் பின்னால் வந்தது. ஒருவருக்கும் காயமில்லை.

"சோதித்த அழுத்தத்துக்கும் குறைவாக" என்ற இடத்தில்தான் எனக்கு வயிறு கலங்கியது. சிலின்டர் வெடிக்கும் என்று தெரிந்தால் நான் பயப்பட மாட்டேன், தள்ளி நிற்பேன். வெடிக்காது என்று முத்திரை குத்தியது வெடித்தால் அதற்குப் பிறகு எந்த முத்திரையை நம்புவது?

2021 கடைசியில் எங்கட நாட்டில் சமையல் காஸ் அடுப்புகள் வெடித்த காலம் ஞாபகமா? புரொப்பேன், பியூட்டேன் கலவை மாறியதுதான் காரணம் என்று ஊரெல்லாம் கதை. என் மனுசி சிலின்டரை வளவின் கோடியில் வேப்பமரத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு இரண்டு மாதம் விறகில் சமைத்தாள். அதுவும் ஒரு சோதனைதான், எங்கட குசினிக்குள், எங்களுக்குச் சொல்லாமல். டெக்ஸாஸ்காரன் குறைந்தது றோட்டை மூடிவிட்டு வெடிக்க வைக்கிறான்.


தள நிர்வாகி | திங்கள் காலை 6.20

இலான் மஸ்க்கின் அரசியல் பற்றிய பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே போய் அடிபடுங்கள்.


முகமாலை அக்கா | திங்கள் காலை 6.45

ரீச்சர், நான் ஆறு வருடம் முகமாலையில் மிதிவெடி அகற்றினேன். இப்போது விட்டுவிட்டேன், முழங்கால் ஏலாது.

எங்கள் வேலையில் இரண்டு வெடிப்பு. ஒன்று நாங்கள் வெடிக்க வைப்பது, மற்றது தானாக வெடிப்பது. இரண்டாவது வரக்கூடாது என்றுதான் ஒரு நாளைக்குச் சில அடி நிலம் மட்டும் கிளறி, கிளறி, கயிறு கட்டி, சிவப்புத் தடி நட்டு வேலை செய்வது. எடுத்ததை வெடிக்க வைக்கும் நாளில் முதல்நாள் பின்னேரமே ஊருக்குள் போய்ச் சொல்வோம், நாளைக்கு இத்தனை மணிக்கு ஒரு சத்தம் வரும் என்று. றோட்டின் இரண்டு பக்கமும் ஆள் நிற்கும். விசில் ஊதும். வீடுகளில் தாய்மார் மாட்டை அவிழ்த்துத் தள்ளிக் கட்டி, குழந்தையை மடியில் வைத்து "இப்ப டும் எண்டு கேக்கும், பயப்பிடாதை" என்று சொல்லிவைப்பார்கள். வெடிக்கும். குழந்தை சிரிக்கும். உண்மையாகச் சிரிக்கும், நான் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் 11 மணி என்று சொல்லியிருந்தோம். வயர் பிரச்சினை, 11.40 ஆகிவிட்டது. அதற்குள் சனம் "இண்டைக்கு இல்லைப் போல" என்று தங்கள் வேலைக்குப் போய்விட்டது. எங்கள் ஆட்கள் நின்ற இடத்தில் நின்றார்கள், விசில் ஊதினோம், தூரம் அதே தூரம், மருந்தும் அதே அளவு. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் தோட்டத்தில் நின்ற ஐயா ஒருவர் சத்தம் கேட்டுக் கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் குப்புற விழுந்து கையை முறித்துக்கொண்டார். அடுத்த நாள் ஊருக்குள் போனபோது ஒரு அம்மா கேட்டார், "உங்கட நேரத்தையே நம்பேலாது, உங்கட நிலத்தை எப்பிடிப் பிள்ளை நம்புறது?"

நிலத்தில் நாங்கள் ஒரு பிழையும் விடவில்லை. நாற்பது நிமிடம் பிந்தினோம். திரும்ப அந்த ஊரில் தேத்தண்ணி தருவதற்கு மூன்று மாதம் எடுத்தது.

பிறகு, கைதட்டல். நாங்களும் வெடித்த பிறகு சிரித்திருக்கிறோம், கை குலுக்கியிருக்கிறோம். காலையில் இருந்து நெஞ்சுக்குள் பிடித்து வைத்திருந்த மூச்சு அது. எங்கள் மேற்பார்வையாளர் ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னார்: சனம் பார்க்கிற இடத்தில் சிரிக்கக்கூடாது, உங்களுக்கு அது வேலை முடிந்த சத்தம், அவர்களுக்கு வேறு சத்தம். அந்தப் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கோ ரீச்சர். சிரித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதை எங்கட பிள்ளைக்கும் காட்டும்படி ஒளிபரப்பினார்கள் பாருங்கோ, அங்கேதான் பிசகினது.


மல்லாவி ரீச்சர் | திங்கள் காலை 7.02

அக்கா, பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் இருக்கிறேன், இரண்டு தரம் வாசித்துவிட்டேன். பின்னேரம் எழுதுகிறேன்.


முள்ளியவளைக் கிழவன் | திங்கள் காலை 10.30

1979 ஜூலை. எனக்குப் பன்னிரண்டு வயது. ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளிக்கூடம், 77 தொன், விழப்போகிறது என்று ரேடியோ. எங்கே விழும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒருநாள் ஒரு கண்டம், மறுநாள் இன்னொரு கண்டம். எங்கட ஆச்சி ஆசையாக வளர்த்த சாவலைப் பிடித்து அடித்துக் கறி வைத்தா. "விழுந்தா விழட்டும், திண்டிட்டுச் சாவம்" என்றா. எனக்கு இரண்டு கால் துண்டும் கிடைத்தது, அதனால் இந்த வரலாறு மறக்கவில்லை.

கடைசியில் மேற்கு அவுஸ்திரேலியாவில் எஸ்பரன்ஸ் பக்கம் விழுந்தது. அந்த ஊர்ச் சபை குப்பை போட்டதற்கு நாசாவுக்கு 400 டொலர் தண்டம் எழுதியது. வன்னியில் எந்தப் பிரதேச சபைக்கு இந்தத் துணிவு வரும்?

இனி 2015 நவம்பர் 13. எங்கட தெற்குக் கடலுக்கு மேலேயே ஒரு பழைய ரொக்கெட் துண்டு விழுந்து எரிந்தது, மதியத்துக்குக் கொஞ்சம் முன்னம். விழப்போகும் நாள், நேரம், இடம் எல்லாம் கிழமைக்கணக்கில் முதலே தெரியும். விஞ்ஞானிகள் விமானத்தில் ஏறிப் போய்ப் படம் பிடித்தார்கள். எங்கட நாட்டுக் கடலில் விழுந்தது, ஒரு சாவலும் சாகவில்லை. எங்கேயோ விழுந்ததற்கு எங்கட சாவல் செத்தது. முகமாலைத் தங்கச்சி சொன்ன 11 மணிக் கதையும் இதுதானே.


சொல் பொறுக்கி | திங்கள் பகல் 12.15

அவர்கள் பாவிக்கும் சொல்லையும் பாருங்கள். வெடித்தால் "திட்டமிடாத துரிதக் கழற்றல்" என்று பகிடியாகச் சொல்கிறார்கள். பகிடி விளங்குகிறது. 2019இல் ஒரு கலம் நிலத்தில் வெடித்தபோது முதலில் சொன்ன சொல் "அசாதாரண நிலை". நெருப்புப் பிடித்த வீட்டுக்காரன் "சூடு கொஞ்சம் கூடிவிட்டது" என்ற மாதிரி. இந்த ஊரில் நாங்கள் சொல்லுக்குப் பயந்து வளர்ந்தவர்கள். சாவை வேறு பெயரில் அறிவிக்கும் செய்தி எத்தனை கேட்டிருப்போம். சொல்லைச் சுற்றிப் போனால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதான் காது எடுக்கும்.


முறிகண்டிக் கச்சான் | திங்கள் பகல் 12.21

நேற்று என் சைக்கிள் செயின் திட்டமிடாமல் துரிதமாகக் கழன்றது. நான் சொன்ன சொல்லை நிர்வாகி இங்கே விடமாட்டார்.


அறிவியல்நகர் பெடியன் | திங்கள் பின்னேரம் 4.40

விரிவுரைக்குப் போகாமல் இதைத்தான் யோசித்தேன், வீட்டில் சொல்ல வேண்டாம்.

சொல் பொறுக்கி சொன்ன 2019 கலம் க்ரூ டிராகன், அதே நிறுவனம் ஆட்களை ஏற்றச் செய்த கலம். அந்த மார்ச்சில் ஆளில்லாமல் விண்வெளி நிலையத்துக்குப் போய் வந்த அதே கலம். ஏப்ரல் 20 தப்பிக்கும் இயந்திரங்களைக் கொளுத்திச் சோதிக்கும்போது, கொளுத்துவதற்குச் சற்று முன்பே வெடித்தது. கசிந்த ஒட்சியேற்றித் திரவம் ஹீலியம் குழாய்க்குள் போயிருந்தது. அழுத்தம் ஏற்றியபோது டைட்டேனியம் வால்வில் மோதித் தீப்பிடித்தது. அந்த வால்வை எடுத்துவிட்டு, ஒரு தரம் மட்டும் கிழிந்து திறக்கும் தகடு போட்டார்கள். 13 மாதம் கழித்து 2020 மே 30 அதே வகைக் கலத்தில் இரண்டு பேர் ஏறிப் போனார்கள். சோதனையில் வெடித்திராவிட்டால் அந்த வால்வு ஆட்களோடு பறந்திருக்கும். ரீச்சர், அந்த அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் உள்ள மிக நல்ல பதில் இது.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. அமெரிக்காவின் ஷட்டில் என்ற விண்வெளி ஓடம் 1981 ஏப்ரல் 12 முதல் தரம் பறந்தபோதே உள்ளே இரண்டு பேர். ஆளில்லாச் சோதனைப் பறப்பு ஒன்றும் விண்வெளிக்குப் போகவில்லை. நாலு பறப்போடு, 1982 ஜூலை 4, சோதனை முடிந்தது, இனி வழமையான சேவை என்று ஜனாதிபதியே வந்து அறிவித்தார். சனத்துக்கு அது பஸ் மாதிரி ஆகிவிட்டது. 1986 ஜனவரி 28, 25ஆவது பறப்பு, 73 விநாடியில் சிதறியது, உள்ளே இருந்த ஏழு பேரும் செத்தார்கள். அந்த விசாரணையில் இருந்த பௌதிகவியலாளர் ஃபெயின்மன் எழுதியது: முகாமையாளர்கள் ஆபத்தை இலட்சத்தில் ஒன்று என்றார்கள், பொறியியலாளர்கள் நூறில் ஒன்று என்றார்கள். கடைசிக் கணக்கு, 135 பறப்பில் இரண்டு இழப்பு.

வகுப்பில் காட்டினால் ஷட்டில் ஏறுவது அழகாகத்தான் இருந்திருக்கும். ஒரு அம்மாவும் படலைக்கு வந்திருக்க மாட்டார். எனக்கு அதுதான் இப்போது பயம்.


மாங்குளம் மெக்கானிக் | திங்கள் பின்னேரம் 5.05

இதை நீ முதல் பதிவிலேயே எழுதியிருக்கலாம் தம்பி.


வவுனியா வாசகன் | திங்கள் இரவு 7.30

மூடி மறைத்த வெடிப்புகளையும் கணக்கில் எடுங்கள். 1960 ஒக்டோபர் 24, சோவியத்தின் பைக்கனூரில் ஆர்-16 என்ற புது ஏவுகணை. எரிபொருள் ஏற்றிய பிறகும் ஆட்கள் அடியில் நின்று திருத்தினார்கள், இரண்டாம் கட்ட இயந்திரம் தானாகப் பற்றியது. எழுபதுக்கு மேற்பட்டோர் எரிந்துபோனார்கள். அதில் எரிந்துபோன, அந்த வேலைக்குப் பொறுப்பாக நின்ற மார்ஷல் நெடெலின் விமான விபத்தில் இறந்தார் என்று செய்தி விட்டார்கள். சொந்த நாட்டுக்கு உண்மை தெரிய 1989 ஆனது.

1996 பெப்ரவரியில் சீனாவின் சிச்சாங்கில் லோங் மார்ச் 3பி, முதல் பறப்பு. கிளம்பிய உடனேயே சாய்ந்து, 22 விநாடியில் மலைச்சரிவில் மோதியது. அருகில் ஊர். அரசாங்கக் கணக்கு ஆறு பேர் சாவு, 57 பேர் காயம். அந்தக் கணக்கை இன்றைக்கும் பலர் நம்புவதில்லை. ஏன் நம்புவதில்லை என்று வன்னியில் இருக்கிற ஆளுக்கு நான் வகுப்பெடுக்கவில்லை.

அதே நாட்டில் 2024 ஜூன் 30 ஒரு தனியார் நிறுவனம் தியன்லோங்-3 ரொக்கெட்டின் அடிக்கட்டத்தைக் கட்டி வைத்து இயந்திரத்தைக் கொளுத்தியது. கட்டு அறுந்து ரொக்கெட் கிளம்பிவிட்டது! கொங்யி நகருக்குப் பக்கத்து மலையில் விழுந்து வெடித்தது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் இந்தத் தரம் கைப்பேசியில் ஊரே படம் பிடித்திருந்தது, நிறுவனம் அன்றைக்கே வாய் திறந்தது.


நந்திக்கடல் | திங்கள் இரவு 8.00

கயிறறுத்த சவாரி மாடு.

எங்கட பக்கத்துக்கு வருவோம். இந்தியாவின் ஏவுதளமான ஸ்ரீஹரிக்கோட்டையில் இருந்து முல்லைத்தீவு ஏறத்தாழ 500 கிலோமீற்றர். வட, தென் துருவங்களுக்கு மேலால் சுற்றும் துருவப் பாதைக்குப் போகிற பிஎஸ்எல்வி ரொக்கெட் நேரே தெற்கே போக முடியாது, போனால் இலங்கைக்கு மேலால். அதனால் முதலில் தென்கிழக்கே கடலுக்கு மேலால் போய், எங்களைத் தாண்டிய பிறகு வளைந்து தெற்கே திரும்பும். அப்படி வளைவதற்கு எரிபொருள் வீணாகும், தூக்கும் பாரம் குறையும். தமிழ்நாட்டின் குலசேகரன்பட்டினத்தில் 2024 பெப்ரவரி 28 அடிக்கல் நாட்டிய புது ஏவுதளத்துக்குப் பெரிய காரணமே இதுதான், அங்கிருந்து சின்ன ரொக்கெட் நேரே தெற்கே போகலாம்.

எங்கட தலையில் துண்டு விழாமல் இருக்க இவ்வளவு வருடமாக ஒரு ரொக்கெட் வளைந்து போயிருக்கிறது. இது எனக்கு நாற்பது வயதில்தான் தெரியும். எனக்கு ஆரும் சொல்லவில்லை. வளைந்து போனதற்கு நன்றியும் சொல்லலாம், சொல்லாமல் விட்டதற்குக் கோபமும் வரலாம், இரண்டும் சேர்ந்துதான் வந்தது.


வற்றாப்பளை | திங்கள் இரவு 8.25

அப்துல் கலாம் ஐயாவின் கதையை ஒருவரும் சொல்லவில்லையே. 1979 ஓகஸ்ட் 10 அவர் பொறுப்பாக இருந்து செய்த எஸ்எல்வி-3 ரொக்கெட் கடலில் விழுந்தது. பத்திரிகைக்காரரைச் சந்தித்துப் பொறுப்பெடுத்தவர் இந்திய விண்வெளி நிறுவனத் தலைவர் சதீஷ் தவன். 1980 ஜூலை 18 வெற்றி வந்தபோது கலாமைப் போய்ப் பேசச் சொன்னார்.


முறிகண்டிக் கச்சான் | திங்கள் இரவு 8.31

பரிசளிப்பு விழாவுக்கு வருகிற பிரதம விருந்தினர் எல்லாம் சொல்கிற கதை. நான் பரிசு வாங்காமலே ஏழு தரம் கேட்டிருக்கிறேன்.


முகமாலை அக்கா | திங்கள் இரவு 9.10

கச்சான் தம்பி சிரிக்கட்டும், அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. விழுந்த அன்றைக்கு முன்னுக்கு வந்து நின்றது பெரியவர். பிந்தின 11.40க்கு ஊருக்குள் போய் நின்றது நாங்கள், சம்பளத்துக்கு வேலை செய்த பெட்டைகள். நேரம் குறித்தவர் வரவில்லை.

இன்னொன்று. நிலத்தைத் துப்புரவாக்கி ஒப்படைக்கும் நாளில் எங்கள் குழு அந்தக் காணிக்குள் முதலில் நடந்து காட்டும். கடதாசியில் எல்லாம் இருக்கும், வரைபடம் இருக்கும், கையெழுத்து இருக்கும். சனம் அதைப் பார்க்காது, எங்கட காலைத்தான் பார்க்கும். ஒருமுறை ஒரு சின்னப் பெடியன் கேட்டான், "அக்கா, செருப்பைக் கழட்டிப்போட்டு நடப்பியளோ?" கழற்றிவிட்டு நடந்தேன். முள் குத்தினது, அது வேறு கதை.

ரொக்கெட் செய்கிறவர்கள் உதில் எப்போது ஏறுவார்கள் என்று ஆரும் கேட்டார்களா?


நந்திக்கடல் | திங்கள் இரவு 9.14

செருப்புக் கேள்வி. நான் இனி ஒன்றும் சொல்லவில்லை.


சொல் பொறுக்கி | செவ்வாய் காலை 7.50

சொல்லத்தான் வேண்டும். 2025 ஜூன் வெடிப்புக்குப் பிறகு அந்த ஏவுதளத்துக்குப் பக்கத்து ஆற்றின் மறுகரையில் இருக்கும் மெக்சிக்கோவின் ஜனாதிபதி கிளவுதியா ஷேன்பாம், விழுகிற துண்டுகளுக்கும் மாசுக்கும் சட்ட நடவடிக்கை எடுக்கலாமா என்று பார்க்கிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். செருப்பைக் கழற்றச் சொல்லிக் கேட்க ஒரு ஆளாவது இருக்கிறது. டர்க்ஸ் தீவுக்காரருக்கு அந்த ஆள் லண்டனில்.


மல்லாவி ரீச்சர் | புதன் பின்னேரம் 3.55

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்குத் திரும்ப அதே வீடியோவைக் காட்டினேன், ஆனால் வேறு விதமாக. முதலில் சத்தத்தை நிப்பாட்டினேன். "இது வெடிக்கும், நாலாவது நிமிடத்தில் வெடிக்கும், பார்க்க விருப்பமில்லாதவை வெளியில போய் நிக்கலாம்" என்று சொன்னேன். இரண்டு பேர் போனார்கள், ஒருத்தன் சும்மா வெளியில் போகக் கிடைத்த சாட்டுக்காகப் போனான். வீடியோவுக்கு முதல், மூடிய றோட்டையும் ஆட்களை எவ்வளவு தூரம் தள்ளி வைத்தார்கள் என்பதையும் கரும்பலகையில் கீறினேன். பிறகு தூசி படிந்த ஊரையும் அதே படத்தில் கீறினேன். க்ரூ டிராகன் வால்வுக் கதை பெடியன்களுக்கு நன்றாகப் பிடித்தது. அக்காவின் 11.40 கதை எல்லோருக்கும் பிடித்தது. கைதட்டல் பற்றி அக்கா சொன்னதைச் சொன்னபோது அந்தப் பிள்ளை தலையாட்டினாள், விளங்கியதா என்று நான் கேட்கவில்லை.

அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன்: ஆட்களை ஏற்ற இன்னும் காலம் இருக்கிறது, ஏற்றும்போது ஏறுகிறவர்கள் தெரிந்துதான் ஏறுவார்கள் என்று. "கீழ நிக்கிறவைக்கு?" என்று திரும்பக் கேட்டு விட்டிருக்கிறார். நந்திக்கடல் அண்ணைக்குச் சொந்தமோ தெரியாது.

அந்தக் கடற்கரையில் கடலாமை முட்டை போட வரும் என்று வாய் தடுமாறிச் சொல்லிவிட்டேன். மணி அடிக்கும் வரைக்கும் அதுதான் கதை. பின் வாங்குப் பிள்ளையின் கடைசிக் கேள்வி: "றோட்டு மூடினது சரி ரீச்சர், ஆமைக்கு ஆர் சொன்னது?"


அறிவியல்நகர் பெடியன் | புதன் பின்னேரம் 4.20

ரீச்சர், அந்தப் பிள்ளையை ஒருநாள் எங்கட பீடத்துக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. எங்கட விரிவுரையாளர் ஒருவரிடம் கேட்க வைக்க ஆசை.


முறிகண்டிக் கச்சான் | புதன் பின்னேரம் 4.26

வரும்போது முறிகண்டியில் இறங்குங்கோ. கச்சான் நான் தாறன்.